கைகா மாப்பிள்ளை

"வெடிக்காதுன்னு எழுதிக் குடுப்பீகளா தம்பி?"

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் லட்சுமிகாந்தம் இப்படிக் கேட்டதும், பெண் கேட்டு வந்திருந்த ஹரிபிரசாத் டீ கிளாஸைக் கீழே வைத்தான். விருதுநகர்ப் பையன். கைகா அணுமின் நிலையத்தில் இன்ஜினியர்.

தீபாவளி சீசனில் முதலாளி நகர முடியாது. அதனால் சம்பந்தப் பேச்சும் கம்பெனி ஆபீசிலேயே நடந்தது. மகள் ஐஸ்வர்யா ஜன்னலோர மேசையில் வேலை பார்ப்பதுபோல் காதை இங்கேயே வைத்திருந்தாள்.

"அது வெடி இல்ல மாமா. யுரேனிய அணு பிளந்தா நியூட்ரான் தெறிக்கும். அது போய் அடுத்த அணுவைப் பிளக்கும்."

"சரவெடின்னு சொல்லுங்க."

"சரவெடி பத்திக்கிட்டா நிறுத்த முடியாது. இதுல நியூட்ரானை உறிஞ்சுற கம்பி வச்சு அளவா நடத்துறோம். அந்தச் சூட்டுல நீராவி வரும். நீராவி டர்பைனைச் சுத்தும். கரண்டு வரும். அம்புட்டுத்தான்."

"அளவு மீறிட்டா?"

"கம்பிக எல்லாம் தானா உள்ள விழுந்துரும். யாரும் சொல்ல வேண்டியதில்ல. பிளக்கிறது நின்னுரும்."

"கரண்டு போயிட்டா?"

"அப்பவும் விழும். கரண்டுதான் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. மிச்சச் சூட்டை ஆத்தத் தண்ணி ஓடணும், அதுக்குத் தனி ஜெனரேட்டர் இருக்கு."

லட்சுமிகாந்தம் யார் பேச்சையும் லேசில் நம்புகிறவர் இல்லை.

"இதையெல்லாம் யாரு வந்து பார்க்கா?"

"அதிகாரிக வருவாக மாமா."

"அவுக வர்ற அன்னைக்கு எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். மத்த நாள்?" "ஒத்தப் பிள்ளை தம்பி. எந்நேரமும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

போர்மேன் பாண்டி மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"மொதலாளி, இன்ஸ்பெக்சன் ஜீப்பு திருத்தங்கல் தாண்டிருச்சாம்."

"மரத்தடியில வெடிமருந்து அடைக்கிற பொம்பளைகளை வேலி தாண்டிக் காட்டுக்குள்ள போகச் சொல்லு. ரூல்ஸ்படி ரூமுக்கு நாலு பேருதான், அதுக்கு மேல கண்ணுல படக் கூடாது. ஜீப்பு போனதும் கூப்பிட்டுக்கலாம்."

ஜன்னலுக்கு வெளியே, வெள்ளி நிற மருந்துத் தூள் அப்பிய கைகளோடு பெண்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள்.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எங்கன விட்டோம் தம்பி? ஆங், பாதுகாப்பு."

ஐஸ்வர்யா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்தாள்.

"எனக்குச் சம்மதம்ப்பா. அங்கன அளவு மீறுனா தானா நின்னுருமாம். இங்கன ஜீப்பு வந்தாத்தான நிக்குது."