முகம் தெரியும் தகடு

"உன் தகடுதான் தப்பு!"

"இல்லைங்க, உங்க கணக்குதான் தப்பு!"

மாடிக் கதவு திறந்தே கிடந்தது. காய்ந்த துணிகளைப் படிக்கட்டுக் கம்பியில் இன்னொரு முறை காயப்போட்டேன். வேறு என்ன செய்ய?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் ஆராய்ச்சி மாணவி. ஸ்டீல் தகட்டை லேசரால் பற்றவைத்தால் சூடு எப்படிப் பரவும், எவ்வளவு ஆழம் உருகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டே சொல்லிவிடுவாளாம். அவன் அதே லேபில் ஜூனியர். நிஜமாகவே பற்றவைத்து, குறுக்கே வெட்டி, கையோடு கொண்டுவருபவன்.

அவள் கணக்கில் உருகல் கிணறு மாதிரி இறங்குகிறது. அவன் தகட்டிலோ தோசை மாதிரி மேலோடு நிற்கிறது.

இரண்டும் ஒத்துப்போனால்தான் கைடு கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால்தான் மஸ்கட் மாப்பிள்ளைக்குத் தேதி. படிப்பு முடியாமல் தாலி வேண்டாம் என்றவள் அவளேதான்.

மாதக்கணக்கில் ஒத்துப்போகவில்லை.

இருந்த ஒரே ஃபேனையும் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டு, வேர்த்து வடியக் கத்தினாள்.

"எல்லா நம்பரையும் மாத்திப் பாத்துட்டேன்டா பெலிக்ஸ்! இதுக்கு மேல மாத்த என் தலையெழுத்துதான் பாக்கி!"

மேஜையில் கிடந்த தகடு ஒன்றை வீசி எறியத்தான் எடுத்தாள்.

எறியவில்லை.

ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் தெறித்துப் படிக்கட்டில் இறங்கி என் மூஞ்சியில் விழுந்தது. சற்றே நகர்ந்துகொண்டேன்.

"இது ஏன் இப்படி மினுங்குது?"

"பஃப் போட்டுப் பாலிஷ் பண்ணினேன்."

"பத்தவைக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ம்."

"லூசாடா நீ? லேசர் பாதிக்கு மேல தெறிச்சே போயிருக்கும். அப்புறம் எங்கேருந்து உருகும்? உப்புத்தாள் தேச்சாப் போதும்னுதானே சொன்னேன்? மூஞ்சி தெரியற அளவுக்கு யாரு தேய்க்கச் சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உங்க கைக்கு வர்றதாச்சே."

மாடியில் ஃபேன் மட்டும் ஓடிற்று.

நான் தலையணை உறையைப் பிடித்தபடி நின்றேன். எனக்கே விளங்கிவிட்டது.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி. தெறிச்சுப் போற அளவைக் கூட்டிப் போட்டுப் பாக்கறேன்."

கூட்டிப் போட்டாள். ஒத்துப்போயிற்று. இரண்டு பேரில் ஒருவராவது சிரித்திருக்கலாம்.

தை மாதம் கல்யாணம். பெலிக்ஸ் வரவில்லை. ஓசூர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டானாம்.

மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டும்போது எடை ஏறிவிட்டதென்று, அட்டைகூடப் பிரிக்காத குக்கரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெருக்குகிற சாக்கில் காலி வீட்டை மூலை மூலையாகப் பார்த்துவிட்டேன்.

தகடு ஒன்றுகூட இல்லை.