முட்டிக்குள் ஓர் ஊசி

ராயபுரம் கிளினிக்கில் சவரிநாதன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"இன்னா டாக்டர், முட்டிக்குள்ளயே ஊசி போடுவீங்களா?"

"ஆமாங்க. சொந்த ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, மிஷின்ல சுத்தவிட்டு, அதையே போடுவோம். சில பேருக்கு வலி நல்லா குறையுது."

"பயப்படாதய்யா" என்றாள் மனைவி சிலுவையம்மாள். "இந்த வலியோட எத்தினி நாளு காசிமேட்டுல மீன் விக்கிறது?"

நர்ஸ் நீளமான ஊசியோடு வந்தாள். அடுத்த நொடி சவரிநாதன் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். சிலுவையம்மாள் ஓர் ஆட்டோவில் ஏறித் துரத்தி, மாதா கோயில் வாசலில் அவரை மடக்கினாள்.

"ஊசிக்குப் பயந்தா ஓடுறாரு?" என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

"ஆமா நைனா. யோவ், ஏறு. இன்னிக்கு வுட்டா அப்பால நடக்காது."

கிளினிக்குக்குத் திரும்பியதும் சவரிநாதன் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மாதாவை வேண்டினார்.

"முடிஞ்சிடுச்சு" என்றார் டாக்டர்.

சவரிநாதன் மெல்லக் கண் திறந்தார். "இன்னாமே, வலிச்சுதா?"

"என் முட்டியில ஊசி போனதே தெரியல. நீ நசுக்குன கைதான் வலிக்குது. அடுத்த தபா தொணைக்கு என் தங்கச்சியக் கூட்டிகினு வரேன்யா."