இரண்டு மணித் துளி

பதிவேட்டின் மேல் விரலை வைத்து அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

பிப்ரவரி 21. பிற்பகல் 2.05. வெறும் கை பட்டுவிட்டது. குடுவை கழிக்கப்பட்டது.

எழுத்து அவள் கணவனுடையது. கீழே அவன் பெயர்.

அன்று இரண்டு மணிக்கு அவன் இங்கே இல்லை.

மகளின் பள்ளி ஆண்டுவிழாவில், மூன்றாவது வரிசையில், அவள் பக்கத்தில் இருந்தான். மயில் வேடமிட்ட மகளின் தோகை சரிந்தபோது, மேடைக்கு ஓடிப்போய் ஊக்கு குத்திவிட்டு வந்தவனும் அவன்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியில் ஆளில்லை. ஆய்வகத்தில் சூடேற்றும் தட்டு மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அம்மை போட்டு ஐந்து நாள். வேப்பிலைமேல் கிடக்கிறான். அவனோடு ஆராய்ச்சி செய்யும் ஜெசிந்தா, அக்கா கல்யாணத்துக்கு உவரி போயிருக்கிறாள். நாளைக்குத்தான் வருவாள்.

அதனால் இன்று ஒரு நாள் கணவனுக்குப் பதிலாக அவள் வந்திருந்தாள்.

தட்டின்மேல் ஒரு சிறு கண்ணாடிக் குடுவை. உள்ளே களிமண், உப்பு, இரண்டு மூன்று எளிய ரசாயனங்கள். தினமும் இரண்டு மணிக்கு நான்கு துளி நீர். மாலைக்குள் காய்ந்துவிடும். மறுநாள் மறுபடியும்.

உயிர் என்று எதுவுமே இல்லாத பூமியில், குட்டைகள் இப்படித்தான் நனைந்து, காய்ந்து, நனைந்திருக்க வேண்டும். தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சங்கிலியாகியிருக்க வேண்டும். அந்தச் சங்கிலியைத்தான் இங்கே தேடுகிறார்கள்.

எந்தத் துளியில் உயிர் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டால் போதும், அதிலுள்ள லட்சம் கிருமிகள் இறங்கிவிடும். பிறகு உள்ளே எது முளைத்தாலும் அது தொட்டவருடையது. தொட்டவர் தன் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். குடுவையைக் கொட்டிவிட்டு முதல் துளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரியில் அப்படித்தான் நூற்றுப் பன்னிரண்டு நாள் உழைப்பு வீணாகப் போயிற்று.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. என் கைதான், என் புத்திதான் என்றான். விழாவுக்கு வருமுன் தொட்டிருக்கிறான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். மறுநாள் சொதி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள்.

துளி விட்டவர் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அன்றைய கட்டத்தில், வட்ட வட்டமான எழுத்தில், 'ஜெ'.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஜெ. பக்கத்தில் அவன். ஜெ. அவன். பொங்கல் அன்றும்.

ஜெசிந்தா குடுவையைத் திட்டுவாளாம். மூதி, இன்னைக்காவது ஒட்டித் தொலையேன் என்பாளாம். சாப்பிடும்போது அவன் அதைச் சொல்லிக் காட்டுவான். அவளும் சிரித்திருக்கிறாள்.

இன்னொருத்தியின் தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். யாரிடம் சொன்னாலும் நல்ல மனுஷன் என்பார்கள்.

ஆனால் அவளுக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே அறையில், இதே மாதிரி ஒரு குடுவை. அவளும் அவனும் மாணவர்கள். முகமூடியை இறக்கிவிட்டிருந்த நேரத்தில் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. பேராசிரியர் கேட்டபோது அவன் முந்திக்கொண்டு, நான்தான் சார் என்றான். அரை மணி நேரம் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுவரை அவன் அவளுக்கு யாரோ.

மூன்று மாதத்தில் அவன் அம்மா பூவோடு வீட்டுக்கு வந்தார்.

மகள் பிறந்ததும் அவள் ஆராய்ச்சியை விட்டாள். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள்.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். விரல் விட்டு எண்ணினாள். இது மே. இங்கும் மூன்று மாதம்.

அலைபேசி அடித்தது. அவன்தான். சொட்டு விட்டாச்சா என்று கேட்டான்.

"கிளவுஸ் போட மறந்துட்டேன். கை பட்டுட்டு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் பொய் சொல்லியிருப்பது அவளுக்கே தெரிந்தது.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம். அவன் திட்டட்டும் என்று காத்திருந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு எண்பத்தி நாலு நாள் உழைப்பு. ஒரு தரமாவது கத்தட்டும்.

"சரி, போனாப் போட்டும். நீ அழாத. ரிஜிஸ்டர்ல எம்பேர எழுதிரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் அவன் அவளுடைய அதே ஆள்தான்.

"நீங்க வீட்லல்லா கெடக்கீங்க. நாளைக்கு அந்தப் பிள்ள பாத்தா கேக்க மாட்டாளா?"

"ஜெசியா?" அவன் லேசாகச் சிரித்தான். "அவ ஒண்ணும் கேக்க மாட்டா. அவளுக்குப் புரியும்."

மருந்து நேரமாகிவிட்டது, வெயில் தாழ்ந்து வா என்று சொல்லிவிட்டு வைத்தான்.

குடுவைக்குள் மண் மெல்லிய வெடிப்புகளோடு காய்ந்து கிடந்தது. கையுறை போட்ட கையால் அதன் மூடியைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை.

பேனாவை எடுத்தாள். தேதி. நேரம். வெறும் கை பட்டுவிட்டது. கீழே அவன் பெயர்.

மை காயும்வரை பொறுத்திருந்தாள்.

பிறகு கையுறையைக் கழற்றினாள்.