தட்டில் ஐந்து குட்டிகள்

தகரக் கூரையின் ஓட்டை வழியே நண்பகல் வெயில் தராசுத் தட்டில் வட்டமாய் விழுகிறது. தட்டில் சிறிய இனச் சுறாக்கள், மீன்வள ஆய்வாளரின் சொந்த அண்ணன் படகில் வந்தவை. இந்தப் பருவத்தில் ஊர் முழுவதும் சேர்ந்து சுறா பிடிக்க அனுமதித்த எடையில் மிச்சம் நாற்பது கிலோதான். அது நிரம்பினால் அத்தனை படகும் சுறா வலையைச் சுருட்ட வேண்டும். முள் நாற்பதில் நிற்கிறது. ஆய்வாளரான அவள் பேனாவைத் திறக்கும்போது மேலே கிடக்கும் தாய்ச்சுறாவின் வயிறு நெளிந்து, சாண் நீளக் குட்டிகள் ஐந்து வழுக்கி வெளியே வருகின்றன. முள் அசையவில்லை. "அதுங்களை கடல்ல விட்டுடு தங்கச்சி. நாப்பதுக்குக் கீழ வந்துடும், நாளைக்கும் போகலாம்," என்கிறான் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லார் பொழப்புலயும் மண்ணைப் போட்டுடாதே." "தட்டுல ஏறினது திரும்பப் போகாதுண்ணே. நீயும் கூட்டத்துல கைதூக்கின சட்டம்தானே." அவன் ஈரக் கைகளைச் சட்டையில் துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். அவள் மூடல் அறிவிப்பில் நேரத்தை எழுதிக் கையெழுத்திடுகிறாள், எழுத்து கோணவில்லை. பக்கத்துப் பெட்டியில் பனிக்கட்டி உருகிச் சொட்டுகிறது. குட்டிகள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்கின்றன. முள் அப்போதும் நாற்பதிலேயே நிற்கிறது.