கரையானுக்குத் தப்பிய பலகை

"அந்தத் தகரத்துல கை வச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

அக்கோத் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. தச்சர் ஒக்கெல்லோ, தூக்கிய தகரத்தை அப்படியே இறக்கிவிட்டு அவள் கணவன் எலிஷாவைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. உள்ள அம்மா படுத்திருக்காங்க," என்றான் எலிஷா. இப்போதுதான் டவுனிலிருந்து தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"எதுக்கு மெதுவா? இது என் வீட்டுக்குன்னு வச்ச பலகை. நைரோபியிலேருந்து நாளைக்கு உங்க அண்ணன் வர்றாருன்னா, என் அடுக்கைப் பிரிப்பீங்களா?"

"ஒரே ஒரு ரூம்தான் அக்கோத். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுப்பியாகணும்."

மாமியார் வீட்டுக்குக் கூரை போட்டபோது மிஞ்சிய சைப்ரஸ் பலகைகள் அவை. மருந்து அடிக்காத மரம். உள்ளே வைக்க இடமில்லை. மண்ணில் படாமல் கல் மேல் ஏற்றி, வரிசைக்கு வரிசை காற்றுப் போகக் குச்சி கொடுத்து, மேலே மட்டும் தகரம் மூடி, சுற்றிலும் சாம்பல் தூவி, மூன்று மழைக்காலம் காப்பாற்றியவள் அக்கோத். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அதையும் மீறிக் கரையான் ஏறிய ஏழு பலகைகளை வேலியோரம் தள்ளியிருந்தாள்.

வீடு எழும்பாததற்குக் காரணம் அண்ணன் ஒதேராதான். அண்ணன் கட்டாமல் தம்பி கட்டக் கூடாது. லுவோ இனத்தாரின் அந்த வழக்கத்தை மீற எலிஷாவுக்குத் துணிச்சலில்லை. நாலு பிள்ளைகளோடு ஒழுகுகிற மண் குடிசையில் கிடந்து அவதிப்பட்டவள் அவள்.

"கிறிஸ்துமஸுக்கு வந்து கட்டுறேன்னாரு. அப்புறம் ஈஸ்டருன்னாரு. ரெண்டு வாரமா போனையே எடுக்கல. இப்ப தொரைக்குத் திடீர்னு சொந்த வீடு கேக்குதோ? அதுவும் என் பலகையில!"

எலிஷா குனிந்து பலகைகளை எண்ணத் தொடங்கினான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? எத்தனை நாள் இருப்பாராம்?"

"ஒரு ராத்திரி."

"ஒரு ராத்திரிக்கு ஒரு வீடா! நம்ம கட்டில்லயே படுக்க வைங்க. நானும் பிள்ளைங்களும் கோழிக்கூட்டுல படுத்துக்கிறோம்!"

"அக்கோத்..."

"வரட்டும். ஒரு கவளம் உகாலிக் களி என் கையால கிடையாது. மூணு மழை நான் இந்தப் பலகைக்குக் காவல் இருந்தேனே, அது எதுக்குன்னு அவரு மூஞ்சிக்கு நேரா கேக்கிறேன்."

"கேளு," என்றான் எலிஷா.

அவள் விறுவிறுவென்று வேலியோரம் போனாள். கரையான் தின்ற பலகைகளில் இரண்டை இழுத்து வந்து தச்சரின் காலடியில் எறிந்தாள்.

"இந்தாங்க. உங்க அண்ணனுக்கு இதுவே அதிகம்."

ஒக்கெல்லோ ஒன்றை எடுத்துத் தட்டினார். பொலபொலவென்று மண்ணாக உதிர்ந்தது. எலிஷா பக்கம் திரும்பி, கையிலிருந்த டேப்பை நீட்டினார்.

"வாசக்கதவு எப்பவும் போல ரெண்டரை அடி வச்சிடட்டுமா?"

எலிஷா, அம்மா படுத்திருந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு மிகவும் தணிந்த குரலில் சொன்னான்.

"பத்தாது ஒக்கெல்லோ. ஆறு பேரு அண்ணனைத் தூக்கிட்டு உள்ள நுழையணும். ஒரு ராத்திரியாவது அவனைச் சொந்த வீட்டுல கிடத்தாம, எப்படிப் புதைக்கிறது?"

அக்கோத் தானே போய்த் தகரத்தைத் தூக்கினாள்.