ஏரியில் காற்று நின்றது

நெருப்பு வைத்து மூன்று நாளாகியும் ஒரு கப்பல்கூட எரியவில்லை.

நாணலும் வெடிமருந்தும் ஏற்றிய சின்னப் படகுகள் எரிந்தபடியே போயாங் ஏரியின் குறுக்கே போயின. எதிரே, சங்கிலியால் பிணைத்த ஹான் படையின் கப்பல்கள் கோட்டைச் சுவர்போல நின்றன. படகுகள் நெருங்கியபோது சட்டென்று காற்று நின்றது. அவை நின்ற இடத்திலேயே கரியாகிப்போயின.

"இன்னைக்கும் தோத்தவன் ஜெயிச்சுட்டான்." முதலாளி பான் கணினித் திரையை விரலால் தட்டினார். "நிஜத்துல இந்தச் சண்டையில ஜெயிச்சது மிங் படை. நம்ம விளையாட்டுல யார் ஆடினாலும் ஹான் ஜெயிக்கிறான். எப்படி மிங்யு?"

"பார்க்கிறேன் முதலாளி," என்றாள் மிங்யு.

குதிரைச் சண்டையும் கோட்டை முற்றுகையும் மட்டுமே இருந்த அந்தப் போர் விளையாட்டில் ஆற்றுப்போரையும் ஏரிப்போரையும் சேர்க்கும் குழுவுக்கு அவள் தலைவி. அதில் காற்றுக்கான நிரலை எழுதியவன் லின். அவன் எழுதியதைச் சரிபார்த்து விளையாட்டில் ஏற்றுவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை வெளியீடு.

மதியம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் மூவருக்கும் ஆளுக்கொரு அவித்த மீன் வந்தது. லின் மேல்பக்கத்தைத் தின்று முடித்து, நடுமுள்ளை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்துக்குப் போனான்.

"புரட்டிப் போட்டுச் சாப்பிடேன்டா," என்றார் பான்.

"புரட்டினா படகு கவிழ்ந்துடும் முதலாளி. எங்க ஆளுங்க உயிரே போனாலும் மீனைப் புரட்ட மாட்டாங்க."

அந்த ஏரிப்போரில் தோற்ற ஹான் ஆட்களை, கரையேறக் கூடாது என்று வென்ற மிங் பேரரசர் ஆற்றுக்கு விரட்டினார் என்றும், சியாந்தாங் ஆற்றுப் படகுக்குடிகள் அவர்கள் வழிவந்தவர்கள் என்றும் ஹாங்சோ நகரத்தில் சொல்வார்கள். இன்றைக்கும் அந்தக் குடியில் பிறந்தவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. லின் மட்டும் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டான்.

பான் சாப்பிடுவதை நிறுத்தினார். "உங்க ஆளுங்களா? ஓகோ. அதான் ஏரியில காத்து நிக்குதா?"

லின் சிரித்தான். "காத்தை நிறுத்துற அளவுக்கு எங்களுக்கு எங்க முதலாளி செல்வாக்கு? கரையில ஒரு பெரிய நாற்காலியில உக்காரவே இன்னும் ஒருத்தரும் வரலை."

"பெரிய நாற்காலி அடுத்த வாரம் மிங்யுவுக்கு வருது. இந்த ஏரி எரியணும், அவ்வளவுதான்." பான் அவள் பக்கம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள யார்னு எனக்குத் தெரியணும். இவனா இருந்தா இன்னைக்கே வெளிய."

லின்னின் மனைவிக்கு எட்டாவது மாதம். மேல்பக்கத்தை மட்டும் தின்றிருந்த மிங்யு மீதி மீனோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

மாலையில் பான் அறைக்குள் இருவரும் நின்றார்கள். மிங்யு கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சொல்லு மிங்யு."

"முதலாளி... அது வந்து..."

"நான்தான்," என்றான் லின். "ஒரு தடவையாவது எங்க ஆளுங்க ஜெயிக்கட்டுமேன்னு தோணுச்சு. நான்தான் நிறுத்தினேன்."

மிங்யு வாயைத் திறந்தாள். பான் கதவைக் காட்டினார்.

லின் தேநீர்க் குடுவையையும் ஒரு சின்னத் தொட்டிச் செடியையும் அட்டைப்பெட்டியில் வைத்தான். மிங்யு பக்கத்தில் வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் செடியைப் பார்த்தாள்.

"குழந்தை பிறக்கப்போற நேரம். ஏன்டா இப்படிப் பண்ணே?"

"வேற வேலை கிடைக்கும்க்கா. காத்தை மட்டும் இன்னைக்கே திரும்ப விட்டுடுங்க. கப்பல் எரியட்டும். நிஜத்துல எரிஞ்சதுதானே."

"நான் முதலாளிகிட்டப் போய்ப் பேசறேன்."

"வேண்டாம்." அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மின்தூக்கி திறந்தது. உள்ளே போய் நின்று, அவள் பக்கம் திரும்பினான்.

"காத்தை நிறுத்தினது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

அவள் கண்கள் நிறைந்தன. கதவு மூடத் தொடங்கியது.

"அந்த நாற்காலியை விட்டுடாதீங்க. மீனைப் புரட்டாதவங்க இதுவரைக்கும் யாரும் அதுல உக்காந்ததே இல்லை."