லேசாகக் காட்டியது

பேசுவதற்கு முன் அவன் தரையைப் பார்த்தானா, அவளுடைய வயிற்றைப் பார்த்தானா என்பது இப்போது அவளுக்கு நிச்சயமில்லை.

சில நாள் தரை. சில நாள் வயிறு.

வெயில் அடித்தது நிச்சயம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கேட்டுக்கு வெளியே அவன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில் ஆண்கள் உள்ளே வருவதில்லை. வெளியிலேயே நின்று போனைப் பார்ப்பார்கள்.

அதனால் டாக்டரம்மா சொன்னதை அவள் மட்டும்தான் கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள தொத்துற நோய்ம்மா இது. மேகநோய்னு சொல்வாங்க. உன் ரத்தத்துல லேசாக் காட்டுது. வயித்துல பிள்ளை இருக்கறப்ப சில பேருக்கு நோய் இல்லாமலே இப்படிக் காட்டும். இன்னொரு டெஸ்ட் எடுத்தாத்தான் உறுதி. வீட்டுக்காரரையும் ரத்தம் குடுக்கச் சொல்லு. அதுவரைக்கும் மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

அவள் தலையாட்டினாள். எழுந்து நடந்தாள்.

வேறொருத்தி இருப்பதை மற்ற பெண்கள் புருஷனின் சட்டையை முகர்ந்தே தெரிந்துகொள்வார்களாம். அவளுக்கு அந்த வழி இல்லை. அவன் நிலக்கோட்டையில் மல்லிகை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய் வருகிறவன். கல்யாணமான நாளிலிருந்தே அவன் சட்டையில் பூ வாசனைதான்.

கொச்சியில் அந்தப் பூவை யார் வாங்குகிறார்கள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். கடைக்காரங்கதான் என்றான்.

கேட்டை நெருங்குவதற்குள் முடிவு செய்துவிட்டாள். முதல் பாதியை மட்டும் சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். அவன் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள்.

சும்மாவே காட்டும் என்பதைச் சொல்லவில்லை. அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவன் தரையைப் பார்த்தான். அல்லது வயிற்றை.

பிறகு சொன்னான்.

"என்னாலதான் புள்ள. உன்மேல தப்பு ஒண்ணுமில்ல."

அவள் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் கொடுக்க அவன் உள்ளே வந்தபோது வரிசையில் இருந்த நிறைமாதக்காரி ஒருத்தி அவளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யக்கா, நாற்காலியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரரு கொசு கடிச்சாலே படுத்துக்குவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கையை நீட்டியபடி அவனும் சிரித்தான்.

இந்தச் சிரிப்பை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று நினைத்தாள். அவள் என்றால், கொச்சியில் இருப்பவள்.

முடிவு வருகிறவரை அவள் அவனோடு பேசவில்லை. அவன் சோறு கேட்கவில்லை. அவனே போட்டுக்கொண்டான். கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

அவளுக்கு வேறு வேலை இருந்தது. கொச்சிக்காரியை மனசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தாள். நல்ல உயரம். வலது மூக்கில் மூக்குத்தி. வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் ஈரத்தலையோடு வாசலுக்கு வருகிறவள். மூட்டையைப் பிரித்ததும் மேலாக இருக்கும் பூ அவளுக்குத்தான்.

மூட்டையில் மேலாக இருக்கும் பூ எப்போதுமே கொஞ்சம் வாடித்தான் இருக்கும் என்பது இவளுக்குத் தெரியும். இருந்தாலும் கொச்சிக்காரிக்கு அதையே கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. "முதல்ல காட்டினதுதான் தப்பு. நான்தான் அன்னிக்கே சொன்னேனேம்மா, கர்ப்பத்துல சிலசமயம் இப்படி வரும்னு. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலையா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

வண்டி பாதி வழி வந்திருந்தது. பின்னால் காலிக் கூடைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன.

"யாரு அவ?"

"யாருமில்ல."

"பெறகு எதுக்குங்க அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவன் கியரை மாற்றினான். வண்டி மேடு ஏறியது.

யாருமில்லை என்றால், யாருடைய பழியை அவன் தன்மேல் போட்டுக்கொண்டான்?

மேடு முடிவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. நோய் அவளால் வந்தது என்று நம்பி, ஒன்றும் கேட்காமல், ஒரு வார்த்தை திட்டாமல், அந்த வெயிலில் நின்றபடியே அவன் அவளை மன்னித்திருக்கிறான். அவள் செய்யாத ஒன்றுக்காக.

வயிற்றின்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கொச்சியில் ஒருத்தி இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"பொய் சொல்றீங்க" என்றாள். "இருக்கா."

அவன் மறுக்கவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவர்கள் சொல்லும்போதெல்லாம் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். அவன் இன்னும் கொச்சிக்குத்தான் பூ ஏற்றுகிறான். அவள் அவனுடைய சட்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டு ஊறவைக்கிறாள்.

கொச்சியில் இருப்பவள் நல்ல உயரம். வலது மூக்கில் மூக்குத்தி.

அவளைப் பற்றி வேறு தகவல் இல்லை.